ஸ்டென்ட் வைத்த பிறகு ஓடலாமா? மீண்டும் ஒரு அரை மரதன்



சங்கத்தின் பொங்கல் விழாவில் சாப்பாட்டு வரிசையில் நின்றபோது ஓர் அண்ணர் என் காதோடு கேட்டார்: “டொக்டர், எனக்கு நெஞ்சில ஸ்டென்ட் வைச்சு ஒரு வருசமாகுது. நீங்களும் வைச்சனீங்கள் எண்டு சொல்லுகினம். பிறகும் ஓடினனீங்களாம். அது உண்மையோ?”

உண்மைதான். அன்று வரிசையில் நின்றபடி அவருக்கு இரண்டு வரியில் பதில் சொல்லிவிட்டேன். ஆனால் இரண்டு வரியில் சொல்லி முடிக்கக்கூடிய விடயம் அல்ல இது. ஆகவே இம்முறை இந்தப் பகுதியை அதற்கே ஒதுக்குகிறேன். சொந்தக் கதை கொஞ்சம் கூடுதலாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஓடுவது ‘கிரேட் நோர்த் ரன்’ என்னும் அரை மரதன். இங்கிலாந்தின் வடகிழக்கில் நியூகாசில் நகரில் தொடங்கி, டைன் ஆற்றின் மேலுள்ள பெரிய பாலத்தைக் கடந்து, கேற்ஸ்ஹெட் ஊடாகச் சென்று சவுத் ஷீல்ட்ஸ் கடற்கரையில் முடியும். தூரம் 13.1 மைல், அதாவது 21 கிலோமீற்றருக்குச் சற்று அதிகம். அந்தப் பகுதியில் பிறந்த ஒலிம்பிக் வீரர் பிரெண்டன் ஃபொஸ்டர் நியூசிலாந்தில் மக்கள் திரளாக ஓடும் ஓர் ஓட்டத்தைப் பார்த்துவிட்டு வந்து 1981இல் இதைத் தொடங்கினார். முதல் வருடம் ஓடியவர்கள் ஏறக்குறைய 12,000 பேர். இப்போது 60,000 பேர் அளவில் ஓடுகிறார்கள். பெரும்பாலானோர் ஏதாவது ஒரு தொண்டு நிறுவனத்துக்குப் பணம் சேர்க்கத்தான் ஓடுகிறார்கள்.

எனக்கு ஏன் அந்த ஓட்டத்தில் பிரியம் என்றால், பிரித்தானியாவில் என் முதல் வைத்திய வேலை வடகிழக்கில்தான் கிடைத்தது. 1999இல் அகதியாக வந்து, பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை செய்துகொண்டே பரீட்சைகள் எழுதி, 2002இல் அங்குள்ள ஒரு வைத்தியசாலையில் கடைநிலை வைத்தியராகச் சேர்ந்தேன். தங்கியிருந்த அறை ஓட்டப் பாதைக்குக் கிட்ட. செப்டெம்பர் மாத ஞாயிறு ஒன்றில் வெளியே வந்து பார்த்தால் தெருவெல்லாம் சனம். வீட்டு வாசலில் கிழவிகள் தோடம்பழத்தை வெட்டித் தட்டில் வைத்துக்கொண்டு, ஓடிவருகிற முன்பின் தெரியாதவர்களுக்கு நீட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊர்த் தேர்த்திருவிழாவில் தண்ணீர்ப்பந்தல் வைத்து மோர் கொடுப்பார்களே, அதே முகங்கள். நானும் ஒரு நாள் இதில் ஓட வேண்டும் என்று அன்றே நினைத்தேன். 2006இல் முதன்முதல் ஓடினேன். 2016 வரையில் ஆறு தடவை. ஒரு வருடம் இரண்டு மணித்தியாலத்துக்கு இரண்டு நிமிடம் குறைவாகவும் ஓடினேன். அதை இதுவரை யாருக்கும் சொல்லாமல் விட்டதில்லை.

‘காஸ்’ என்று நினைத்த நோய்

2019 பெப்ரவரி. எனக்கு ஐம்பது வயது. இரண்டு வருடம் ஓடாமல் இருந்துவிட்டு, அந்த வருட ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்துப் பயிற்சியைத் தொடங்கியிருந்தேன். வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவில் ஒரு சிறிய ஏற்றம். அதில் ஏறும்போது தொண்டையில் இருந்து தாடை வரை ஓர் இறுக்கம். வலி என்று சொல்ல முடியாது. நின்றால் இரண்டு நிமிடத்தில் போய்விடும். மறுபடி ஓடினால் மறுபடி வரும்.

இரவு கொத்துரொட்டி சாப்பிட்டதுதான் காரணம் என்று முடிவு செய்தேன். கவிஸ்கோன் குடித்தேன். பிறகு ஒமெப்ரசோல் மாத்திரை. ஆறு கிழமை இப்படியே போயிற்று. இதே குறிகளைச் சொல்லிக்கொண்டு ஒரு நோயாளி என் அறைக்குள் வந்திருந்தால் ஆறு நிமிடம்கூட யோசித்திருக்க மாட்டேன்.

ஒரு சனிக்கிழமை, இருபது கிலோ அரிசி மூட்டையைக் காரிலிருந்து தூக்கிக்கொண்டு படியேறும்போது பாதியில் நின்றுவிட்டேன். மனைவி பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறா. “உங்கட நோயாளி ஒராள் வந்து, ஏறேக்க இறுக்குது, நிண்டா விடுகுது எண்டு சொன்னா நீங்கள் என்ன செய்வியள்?” என்று கேட்டா. நான் பதில் சொல்லவில்லை. பதில் எனக்குத் தெரியும்.

இன்னொன்றும் எனக்குத் தெரியும். 1995 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தை விட்டு இடம்பெயர்ந்து நாங்கள் தென்மராட்சியில் இருந்தோம். அடுத்த வருடம் அங்கேதான் அப்பா போனார். 52 வயது. இரண்டு மூன்று கிழமையாக “நெஞ்சுக்குள்ள வாய்வு நிக்குது” என்று சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா ஓமத்தண்ணீரும் உள்ளியும் கொடுத்தா. நான் அப்போது மருத்துவபீட மாணவன், பக்கத்தில்தான் இருந்தேன். கிணற்றில் தண்ணீர் அள்ளும்போது மட்டும்தான் அந்த வாய்வு வந்தது என்பதை அவர் போன பிறகுதான் நான் யோசித்துப் பார்த்தேன்.

ஆகவே வாசகர்களே, இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் அடுத்த பந்தியை மறக்க வேண்டாம்.

இதய நாளம் ஒடுங்கினால் வரும் வலிக்கு ஒரு பழக்கம் உண்டு. உடலை வருத்தும்போது வரும், ஓய்வெடுத்தால் சில நிமிடங்களில் போகும். ஏற்றம், படி, பாரம், குளிர்காற்று, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு நடப்பது, கோபம் ஆகியவை அதைக் கொண்டுவரும். இடம் நெஞ்சாக இருக்க வேண்டும் என்பதில்லை. தொண்டை, தாடை, தோள், இடது கை, இரு கைகள், முதுகு, மேல் வயிறு எங்கும் வரலாம். குத்துவதைவிட இறுக்குவது, அழுத்துவது போல இருக்கும். சலரோகம் உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் சில வேளை வலியே இல்லாமல் மூச்சு வாங்கலும் களைப்புமாக மட்டும் வரும். வாயுத் தொல்லையோ நீங்கள் நடந்தாலும் படுத்தாலும் தன் பாட்டில் வந்து போகும். சந்தேகம் இருந்தால் உங்கள் ஜீ.பி.யிடம் அதே கிழமை போங்கள். ஓய்வாக இருக்கும்போதே நெஞ்சு இறுக்கி, வியர்த்து, பதினைந்து நிமிடத்தில் விடவில்லை என்றால் அது மாரடைப்பாக இருக்கலாம். 999ஐ அழையுங்கள். ஒவ்வாமை இல்லையென்றால் 300 மில்லிகிராம் அஸ்பிரினைச் சப்பி விழுங்குங்கள். மருமகனை எழுப்பிக் காரில் போகவேண்டாம். அம்புலன்சில் இதயத்தைத் திரும்ப இயக்கும் கருவி உண்டு, மருமகனின் காரில் இல்லை.

ஓய்வாகப் படுத்திருக்கும்போது எடுத்த இ.சி.ஜி. நன்றாக இருந்தது, ஆகவே இதயம் நன்று என்று பலர் நினைக்கிறார்கள். என்னுடைய இ.சி.ஜி.யும் முற்றிலும் நன்றாகத்தான் இருந்தது. நெஞ்சுவலிக்கான விரைவுக் கிளினிக்கில் சி.ரி. ஸ்கான் மூலம் இதய நாளங்களைப் படம் பிடித்தார்கள். இதயத்தின் முன்புறம் இறங்கும் பிரதான நாளத்தில் பெரிய அடைப்பு. மணிக்கட்டு வழியாகக் குழாய் விட்டு ஸ்டென்ட் வைத்தார்கள். மறுநாள் வீடு.

நாங்கள் தென்னாசியர்கள் இதில் கொடுத்து வைக்காதவர்கள். 52 நாடுகளில் மாரடைப்பு நோயாளர்களை ஆராய்ந்த ‘இன்ரர்ஹார்ட்’ ஆய்வில், தென்னாசியாவில் முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் வந்திருந்தது. மற்ற நாட்டவர்களுக்கு ஏறக்குறைய 59. ஆகவே ஐரோப்பியருக்குப் போட்ட அளவுகோலை நாங்கள் எங்களுக்குப் பிடிக்கக்கூடாது. உடல் நிறைச் சுட்டெண் 25 வரை சரி என்று பொதுவாகச் சொல்வார்கள், எங்களுக்கு 23இலேயே ஆபத்துத் தொடங்குகிறது. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 80 சென்ரிமீற்றருக்குள் இருக்கவேண்டும். என் சுட்டெண் அப்போது 26. ஓடுகிறவன்தானே என்று அதைக் கண்டுகொள்ளாமல் இருந்தேன். ஓட்டம் நல்லதுதான், ஆனால் அப்பாவிடமிருந்து வந்த பரம்பரையையும் உயர்ந்த கொலஸ்திரோலையும் ஓட்டத்தால் மட்டும் துடைத்துவிட முடியாது.

திரும்பி வந்த வழி

ஸ்டென்ட் வைத்தபின் செய்யவேண்டிய முதல் வேலை ஓடுவது அல்ல. இதயப் புனர்வாழ்வு வகுப்புக்குப் போவது. ‘கார்டியாக் ரீஹாப்’ என்று கடிதம் வரும். எம்மவரில் பலர் அந்தக் கடிதத்தை மின்சாரக் கட்டணக் கடிதங்களுக்கு நடுவில் செருகிவிடுகிறார்கள். என் நோயாளர்களிடம் கேட்டால், ஆங்கிலம் விளங்காது, பெண்களுக்கு ஆண்களோடு நின்று உடற்பயிற்சி செய்ய வெட்கம், கடையில் லீவு இல்லை என்று காரணம் சொல்வார்கள். மொழிபெயர்ப்பாளரைக் கேட்டால் ஒழுங்கு செய்வார்கள். பல இடங்களில் வீட்டிலிருந்தே செய்யும் முறையும் உண்டு. தயவுசெய்து போங்கள்.

நானும் முதலில் வெட்கப்பட்டேன், வேறு காரணத்துக்காக. டொக்டர் போய் நோயாளரோடு வரிசையில் நின்று கையைத் தூக்கி இறக்குவதா என்று. இரண்டாம் கிழமையில் அந்த எண்ணம் போய்விட்டது. எனக்குப் பக்கத்தில் நின்றவர் எழுபது வயது ஐரிஷ்காரர், ஓய்வுபெற்ற பஸ் சாரதி. என்னைவிட நன்றாகச் செய்தார். பதினைந்து நிமிடம் மெதுவாக உடலைச் சூடாக்குவதும், முடிந்தபின் பத்து நிமிடம் படிப்படியாகத் தணிப்பதும் அங்கே படித்ததுதான். இளவயதில் நான் காரிலிருந்து இறங்கியவுடனே ஓடத் தொடங்குபவன். ஒடுங்கிய நாளங்களுக்கு அது கூடாது. நாளங்கள் விரிய நேரம் கொடுக்கவேண்டும். அதேபோல ஓடி முடித்தவுடன் சடாரென்று நின்றால் இரத்தம் கால்களில் தங்கி, தலை சுற்றி விழலாம்.

2020இல் கொரோனாவால் ஓட்டம் நடக்கவில்லை. 2021இல் பாதையை மாற்றி நியூகாசிலிலேயே முடித்தார்கள். கடற்கரை இல்லாமல் எனக்கு அது அந்த ஓட்டமாகத் தோன்றவில்லை. அந்தக் காலத்தில் நான் வேலைக்குப் போய் வந்தேன், நடந்தேன், மாத்திரை போட்டேன், அவ்வளவுதான். உண்மையைச் சொன்னால் பயம். ஒவ்வொரு முறை மூச்சு வாங்கும்போதும் கை தானாக நெஞ்சுக்குப் போகும். ஸ்டென்ட் வைத்த பலர் இதை என்னிடம் சொல்லி அழுதிருக்கிறார்கள், ஆண்கள்தான் அதிகம். இதற்கு மருந்து, உடலைக் கொஞ்சம் கொஞ்சமாக வருத்திப் பார்த்து அது தாங்குகிறது என்று கண்ணால் காண்பதுதான். இதய நிபுணர் ஓடுபட்டியில் ஓடவைத்துப் பரிசோதித்து, “போ, ஆனால் பந்தயம் ஓடாதே” என்று சொன்னார்.

பயத்துக்கு ஒரு கணக்கும் உண்டு. அமெரிக்காவில் 2000 முதல் 2010 வரை மரதன், அரை மரதன் ஓடிய ஒரு கோடியே ஒன்பது இலட்சம் பேரை ஆராய்ந்தார்கள். ஓட்டத்தின்போது அல்லது முடித்தவுடன் இதயம் நின்றது 59 பேருக்கு. அரை மரதனில் அது முழு மரதனின் கால்பங்குதான். ஆகவே ஆபத்து மிகக் குறைவு. ஆனால் இல்லை என்று சொல்லமாட்டேன். 2005இல் இதே கிரேட் நோர்த் ரன்னில் ஒரே நாளில் நான்கு பேர் இறந்தார்கள். வெக்கையான நாள் அது. அந்த அமெரிக்க ஆய்வில் இன்னொரு விடயம்: பெரும்பாலானவர்களுக்கு இதயம் நின்றது ஓட்டத்தின் கடைசிக் கால்பகுதியில். கடைசியில் மிச்சமிருக்கும் உயிரையெல்லாம் கொட்டிப் பாய்ந்து ஓடும் பழக்கம் எல்லோருக்கும் உண்டு. அதை விட்டுவிட வேண்டும்.

2022இல் ‘பார்க்ரன்’னுக்குப் போகத் தொடங்கினேன். 2004இல் லண்டன் புஷி பூங்காவில் 13 பேரோடு தொடங்கிய விடயம் இது. இன்று நாடு முழுவதும் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நடக்கிறது. 5 கிலோமீற்றர், காசு இல்லை, நடந்தும் முடிக்கலாம், கடைசியாக வருபவரோடு கூடவே வர ஒரு தொண்டரும் உண்டு. பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளியில் விட்டுவிட்டுக் கார் தரிப்பிடத்தில் தூங்கும் அப்பாமார் கவனிக்கவும்.

2023 மே மாதம், ஓட்டத்துக்குப் பதினாறு கிழமை இருக்கும்போது ஒழுங்கான பயிற்சி. கிழமையில் மூன்று நாள்தான். இரண்டு நாள் சிறிய ஓட்டம், ஞாயிறு நீண்ட ஓட்டம். நீண்ட ஓட்டத்தை மூன்று மைலில் தொடங்கி, கிழமைக்கு ஒரு மைலுக்கு மேல் கூட்டாமல், நான்காவது கிழமை குறைத்து, ஓகஸ்ட் கடைசியில் பத்தரை மைல் வரை கொண்டுவந்தேன். முழுத்தூரத்தையும் முன்கூட்டியே ஓடிப் பார்க்கத் தேவையில்லை. கடைசி இரண்டு கிழமை பாதியாகக் குறைக்கவேண்டும். மூன்று நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை, தொடக்கத்திலிருந்தே அப்படித்தான். களைத்த பிறகு நடப்பது வேறு, களைக்காமல் இருக்க நடப்பது வேறு.

எவ்வளவு வேகம்? நான் பீட்டா புளொக்கர் மாத்திரை எடுப்பவன். அது இதயத் துடிப்பை அடக்கி வைக்கும். ஆகவே 220இல் வயதைக் கழித்து வரும் எண்ணைப் பார்த்து ஓடினால் அது பிழையான கணக்கு. பிள்ளைகள் பிறந்தநாளுக்கு வாங்கித் தந்த கைக்கடிகாரம் எத்தனை வர்ணத்தில் எண் காட்டினாலும் சரி. நான் வைத்திருக்கும் அளவு: ஓடும்போது ஒரு தேவாரத்தை வசனமாகச் சொல்ல முடியவேண்டும், பாட முடியக்கூடாது. பாட முடிந்தால் கொஞ்சம் கூட்டலாம். சொல்லவே முடியாவிட்டால் உடனே நடக்கவேண்டும்.

ஐம்பதைத் தாண்டித் திரும்பவும் ஓடுகிறவர்களை நிறுத்துவது பெரும்பாலும் இதயம் அல்ல, கால்தான். இதயமும் சுவாசமும் சில கிழமைகளில் தேறிவிடும். தசைநாண்களும் எலும்பும் தேற மாதங்கள் ஆகும். “மூச்சு வாங்கேல்ல டொக்டர், அதுதான் ஓடினான்” என்று குதிக்கால் நரம்பைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். படியின் விளிம்பில் நின்று குதிக்காலை உயர்த்தி இறக்கும் பயிற்சியை நாளுக்கு ஒரு தடவையாவது செய்யுங்கள். வைற்றமின் டியும் முக்கியம். எங்கள் தோல் நிறத்துக்கு இந்த நாட்டு வெயில் போதாது. நாளுக்கு 10 மைக்ரோகிராம் வருடம் முழுவதும் எடுப்பது நல்லது.

மருந்துகள் பற்றி

இங்கே கொஞ்சம் நின்று வாசியுங்கள். சலரோகத்துக்கு இன்சுலின் அல்லது கிளிக்கிளசைட் எடுப்பவர்களுக்கு ஓடும்போதும், ஓடி முடித்து அன்றிரவும்கூடச் சீனி இறங்கலாம். குளுக்கோஸ் வில்லைகளோ இனிப்போ சட்டைப்பையில் இருக்கட்டும். டபாகிளிஃபுளோசின், எம்பாகிளிஃபுளோசின் போன்றவை சிறுநீரால் நீரையும் சீனியையும் வெளியேற்றுபவை. வெக்கையில் நீண்ட தூரம் ஓடும் நாளில் அவற்றை எடுப்பதா விடுவதா என்று முன்கூட்டியே உங்கள் வைத்தியரிடம் கேளுங்கள். நீங்களாக நிறுத்தவேண்டாம். குருதி அழுத்தத்துக்கு ரமிப்ரில் எடுப்பவர்களுக்கும் இதே சொல்.

வலிமாத்திரை விடயத்தில் எம்மவரோடு எனக்குப் பெரிய சண்டை. ஊருக்குப் போய்வரும்போது டைக்குளோஃபெனக் மாத்திரையை மிக்ஸ்சரோடும் மிளகாய்த்தூளோடும் சூட்கேசில் கொண்டுவந்து, மூட்டுவலி, முதுகுவலி, தலைவலி எல்லாவற்றுக்கும் போடுகிறார்கள். இதய நோய் உள்ளவர்களுக்கு அது கூடவே கூடாது. இதயம் நன்றாக உள்ளவர்களும் ஓட்டத்துக்கு முன் இபுபுரோஃபென் போட்டுக்கொண்டு ஓடக்கூடாது. வியர்த்து நீர் குறைந்திருக்கும் நேரத்தில் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தை அது குறைத்துவிடும்.

ஸ்டென்ட் வைத்தவர்கள் அஸ்பிரினையும் அதோடு கொடுத்த மற்ற இரத்தம் உறையாத மாத்திரையையும் சொன்ன காலம் வரை ஒரு நாளும் விடாமல் எடுக்கவேண்டும். நாக்கின் கீழ் அடிக்கும் ஸ்பிரே எப்போதும் கையில். இறுக்கம் வந்தால் நின்று, உட்கார்ந்து, ஒரு தடவை அடியுங்கள். ஐந்து நிமிடத்தில் விடாவிட்டால் இன்னொன்று. இன்னும் ஐந்து நிமிடத்தில் விடாவிட்டால் 999. ஓட்டத்தின்போது என்றால் பக்கத்தில் நிற்கும் முதலுதவிக்காரரைக் கூப்பிடுங்கள். நெஞ்சில் குத்தும் இலக்கத் தாளின் பின்பக்கத்தில் நோய், மருந்து, வீட்டுத் தொலைபேசி எண் எழுத இடம் இருக்கும். பலர் அதை வெறுமையாக விடுகிறார்கள். நான் விழுந்தால் என்னைத் தூக்குகிறவருக்கு நான் டொக்டர் என்பது தெரிய வேண்டியதில்லை, ஸ்டென்ட் இருப்பது தெரியவேண்டும்.

தண்ணீரை அளவுக்கு மிஞ்சிக் குடிப்பதும் ஆபத்து. 2002 பொஸ்டன் மரதனில் பரிசோதித்தவர்களில் 13 வீதமானோருக்கு இரத்தத்தில் உப்பு குறைந்திருந்தது. ஒவ்வொரு மேசையிலும் குடித்துக் குடித்து மெதுவாக ஓடியவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுபவர்கள். தாகத்துக்குக் குடியுங்கள், போதும். சாப்பாட்டில் பெரிய இரகசியம் ஒன்றும் இல்லை. காலையில் மூன்று மணித்தியாலத்துக்கு முன் புட்டும் வாழைப்பழமும் எனக்கு ஒத்துவருகிறது. கறி வேண்டாம். புதிதாக எதையும் அன்று பரீட்சிக்க வேண்டாம். காய்ச்சல், உடம்பு உளைவு இருந்தால் அந்தக் கிழமை ஓடவே கூடாது. வைரஸ் இதயத் தசையையும் தாக்கக்கூடும்.

இவ்வளவையும் வாசித்துவிட்டு எல்லோரும் ஓடலாம் என்று நினைத்துவிடாதீர்கள். மாரடைப்பு வந்து சில கிழமைகளே ஆனவர்கள், ஓய்விலும் நெஞ்சுவலி வருபவர்கள், இதய வால்வு கடுமையாக ஒடுங்கியவர்கள், பரம்பரையாக இதயத் தசை தடித்தவர்கள், இதயச் செயலிழப்புக் கட்டுப்படாதவர்கள் ஓடக்கூடாது. குடும்பத்தில் யாராவது நாற்பது வயதுக்கு முன் திடீரென்று இறந்திருந்தால் முதலில் பரிசோதியுங்கள். எந்த நோயும் இல்லாத நாற்பது வயதுக்காரரும் குருதி அழுத்தம், சீனி, கொலஸ்திரோல் மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் தொடங்கவேண்டும். இங்கிலாந்தில் 40 முதல் 74 வயது வரை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை என்.எச்.எஸ். இலவசமாகச் செய்யும் பரிசோதனை இருக்கிறது.

2023 செப்டெம்பர் 10

புழுக்கமான காலை. மோ ஃபரா என்ற பெரிய ஓட்டவீரரின் கடைசி ஓட்டமும் அன்றுதான். ஆறு வருடம் தொடர்ந்து இதில் முதலாவதாக வந்தவர், அன்று நான்காவது. சிறுவயதில் வேறொரு பிள்ளையின் பெயரில் இந்த நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டவர் என்பதை 2022இல் அவரே வெளியில் சொன்னார். பெயரும் கடதாசியும் இல்லாமல் வந்தவர்கள் எங்களுக்குள்ளும் எத்தனை பேர். நான் அவருக்குப் பல மைல் பின்னால் நின்றேன், ஆனால் அதே தெருவில் நின்றேன்.

டைன் பாலத்தில் ஏறும்போது சனம் நெருங்கி, ஓட முடியாமல் நடக்க வேண்டியதாயிற்று. எனக்கு நாவற்குழிப் பாலம் நினைவுக்கு வந்தது. 1995 ஒக்டோபர் 30 இரவு மழையில், முன்னுக்கும் போக முடியாமல் பின்னுக்கும் போக முடியாமல், அப்பாவின் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றோம். ஒவ்வொரு முறை ஓடும்போதும் அந்த இடத்தில் அது வரும். பாலம் முடிந்ததும் போய்விடும்.

பத்தாவது மைலுக்குப் பிறகு ஒரு நீண்ட ஏற்றம் உண்டு. பார்வைக்கு ஏற்றம் போலவே தெரியாது, கால் சொல்லும். நான் அங்கே முழுவதும் நடந்தேன். தொண்டையைக் கவனித்தேன். தாடையைக் கவனித்தேன். ஒன்றும் இல்லை. வாசலில் ஒரு பெண்மணி தோடம்பழம் நீட்டினா.

கடைசி மைல் கடலோரம். 800 மீற்றர், 400 மீற்றர் என்று பலகைகள் வரும். இரண்டு பக்கமும் சனம் கத்தும், கால் தானாகப் பாயப் பார்க்கும். முன்பெல்லாம் பாய்ந்திருக்கிறேன். இந்த முறை மூன்று நிமிடம் ஓட்டம் முடிந்த இடத்தில், கோடு கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், கைகாட்டிக்கொண்டே ஒரு நிமிடம் நடந்தேன். “கம் ஓன்” என்று ஒருவர் கத்தினார். அவருக்கு என் கதை தெரியாதுதானே. 2 மணி 51 நிமிடம். முன்னையதைவிட 53 நிமிடம் கூட.

அதன்பின் வானம் பிளந்து மழை. வீதியெல்லாம் வெள்ளம், ரெயினும் குழம்பிப் போயிற்று. வெள்ளித்தாள் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு மனைவியும் நானும் நின்றோம். “நெஞ்சு எப்பிடி?” என்று கேட்டா. “நல்லாயிருக்கு, கால்தான் இல்லை” என்றேன்.

பிரிட்டிஷ் ஹார்ட் ஃபவுண்டேஷனுக்காகத்தான் ஓடினேன். 1961இல் இருந்து இதய நோய் ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்கும் நிறுவனம். தொண்டு நிறுவனம் ஊடாக இடம் எடுத்தால் சில நூறு பவுண் சேர்த்துக் கொடுப்பதாக ஒப்புக்கொள்ள வேண்டும். எம்மவர் தாராளமாகக் கொடுப்பார்கள், ஆனால் கடித உறையில் காசாகக் கையில் திணிப்பார்கள். வரி கட்டுபவர் இணையத்தில் ‘கிஃப்ட் எய்ட்’ பெட்டியில் அடையாளமிட்டுக் கொடுத்தால், ஒரு பவுணுக்கு 25 பென்ஸை அரசாங்கம் சேர்த்துக் கொடுக்கும். அடுத்த முறை உறை வேண்டாம், பெட்டியில் அடையாளம் போடுங்கள்.

பொங்கல் விழாவில் கேட்ட அந்த அண்ணருக்கு: உங்கள் இதய நிபுணரின் கடிதத்தை எடுத்துக்கொண்டு முதலில் உங்கள் ஜீ.பி.யைப் பாருங்கள். அவர் சரி என்றால், சனிக்கிழமை காலை எட்டே முக்காலுக்கு எங்கள் பூங்காவின் தேநீர்க்கடை வாசலுக்கு வாருங்கள். நானும் இன்னும் நாலு பேரும் நிற்போம். ஸ்பிரேயை மறக்காமல் கொண்டுவாருங்கள். முதல் மாதம் நடைதான்.